இருபது வளைவு, மூன்று கொண்டை ஊசி

எங்கள் வீடு சேலத்தில், ஏற்காட்டு மலையடிவாரத்துக் கோரிமேட்டில். வேலை ஏற்காட்டில், ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் பஸ் ஏறும்போது ஒழுங்காக வாரிப் பின்னியிருந்த தலை, பத்தாவது வளைவைத் தாண்டுவதற்குள் ஆடித் திருவிழாவில் சாமியாடி முடித்தவள் தலை மாதிரி ஆகிவிடும். ஜன்னலோர சீட் கிடைத்தால் அதற்கும் முன்பே. பஸ்ஸை விட்ட நாளில் ஸ்கூட்டர்; அன்றைக்கு ஹெல்மெட் வேறு.

எனக்குச் சுருட்டை முடி. விளம்பரத்தில் தோளில் புரளுமே, அந்த அழகுச் சுருள் இல்லை. உச்சியில் அலை, காதோரம் ஸ்பிரிங், பிடரியில் வெறும் சிக்கு என்று ஒரே தலையில் மூன்று தினுசு. அடர்த்தியும் அதிகம். கல்யாணத்தின்போது இடுப்புக்குக் கீழே தொங்கியது. சின்ன வயதில் அம்மா சிக்கெடுக்க உட்கார்ந்தால் நான் போடும் கூச்சலுக்குப் பக்கத்து வீட்டு ஆயா வந்து எட்டிப் பார்ப்பாராம். இப்போது எனக்கு எட்டு வயதில் மகள், மூன்று வயதில் மகன். மகளுக்கு வந்திருப்பதும் இதே முடிதான். பள்ளி விதிப்படி அதை ரெட்டைச் சடையாக மடித்து ரிப்பன் கட்ட வேண்டும். ஆக, காலை 6 மணியிலிருந்து 6.45-க்குள் இரண்டு தலை, மூன்று டிபன் டப்பா, பால் குடிக்க மாட்டேன் என்று ஓடுகிற ஒருவன்.

கடந்த சில வருடங்களில் இந்தத் தலையை வைத்து நான் செய்து பார்க்காதது கொஞ்சம்தான். வெட்டினேன், தூக்கிக் கட்டினேன், விரித்து விட்டேன், நேராக்கப் பார்லர் வாசல்வரை போய்த் திரும்பினேன். என்னைப் போல முடியும் என்னைப் போல அவசரமும் உள்ளவர்கள் முடிவெடுக்க உதவும் என்று எல்லாவற்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

தப்பாகப் போட்ட கணக்கு

"காலையில் சீக்கிரம் முடிகிற மாதிரி என்ன கட்டலாம்?" இதைத்தான் பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைத்தேன். அப்போதுதான் கேள்வியே தப்பு என்று தெரிந்தது.

இடுப்பளவு முடியைச் சிக்கெடுத்துச் சடை பின்ன 12 நிமிடம். ஆறு நாளைக்கு 72. தலைக்குக் குளிப்பது வாரம் இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் குளிப்பதற்கு முன் சிக்கெடுக்க 25 நிமிடம், தேய்த்து அலச 20 நிமிடம். இரண்டுக்கும் சேர்த்து 90. மொத்தம் 162 நிமிடம். பரவாயில்லை, மூன்று மணி நேரம்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் காய்கிற நேரத்தை இதில் சேர்க்கவில்லை. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் நின்றால் ஒன்றரை மணி நேரம். ஐப்பசி, கார்த்திகையில் ஐந்து மணி நேரம் போனாலும் பிடரியில் கைவிட்டால் ஈரம் இருக்கும்.

காய்கிற நேரத்தில் வேறு வேலை பார்க்கலாமே என்பார்கள். யார் சொல்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. விரித்த ஈரத்தலையோடு அடுப்படியில் நின்றால் குழம்பில் முடி. குழந்தையைத் தூக்கினால் அவன் கைக்குள் ஒரு கொத்து. சரி, கட்டிவிடலாம் என்றால் சாயங்காலத்துக்குள் ஈர நாற்றம், இரண்டு வாரத்தில் பொடுகு. ஈர முடி ரப்பர் மாதிரி இழுபடும், காய்ந்த முடியைவிடச் சுலபமாக அறும். அதை இறுக்கிக் கட்டுவதும் ஆபத்து. வேலைக்குப் போகிற அம்மாவுக்கு முடியில் உண்மையான செலவு கட்டுகிற நேரம் இல்லை, காய்கிற நேரம். இந்த அளவுகோலை வைத்துத்தான் கீழே ஒவ்வொன்றையும் எடைபோட்டிருக்கிறேன்.

உப்புத் தண்ணீரும் இறங்கும் மேகமும்

எண்ணெய் ஏன் ஒட்டுவதில்லை, முடி ஏன் பரட்டையாகிறது என்று கேட்டால் பார்லரில் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுவார்கள். காரணம் அதைவிட எளிமையானது. மண்டைத் தோலில் சுரக்கிற எண்ணெய் நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். சுருட்டை முடி அதற்கும் ஒரு மலைப்பாதை. ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று, பாதிவழியிலேயே தங்கிவிடும். அதனால் வேர் பிசுக்காகவும் நுனி வைக்கோலாகவும் இருக்கும்.

அடுத்தது சேலத்துத் தண்ணீர். எங்கள் தெருவில் மேட்டூர்த் தண்ணீர் தினமும் வராது. மற்ற நாளெல்லாம் போர் தண்ணீர், அதாவது உப்புத் தண்ணீர். வெள்ளைக்கல் வெட்டி எடுக்கிற ஊர் நம்முடையது. அந்தக் கல் மக்னீசியம் கார்பனேட். தண்ணீரைக் கடினமாக்குவதும் கால்சியம், மக்னீசியம் உப்புகள்தான். பக்கெட் விளிம்பில் வெள்ளையாகப் படிவது முடியிலும் படியும். முடியின் மேல்பரப்பு ஓட்டுக் கூரைபோல் செதில் செதிலாக அடுக்கியது. அது சொரசொரப்பானால் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். சிக்கு அப்படித்தான் பிறக்கிறது. சோப்புப் போட்டால் உப்புத் தண்ணீரில் திரிதிரியாக அழுக்குப் படலம் சேரும். ஷாம்பூவில் அந்தத் தொல்லை குறைவு. அரப்பிலும் சீயக்காயிலும் நுரைப்பது சப்போனின் என்கிற பொருள், அதுவும் சோப்பு மாதிரி திரியாது. நம் பக்கத்துப் பாட்டிகள் அரப்புத் தூளை விடாமல் பிடித்திருந்ததில் அர்த்தம் இருக்கிறது. நான் ஷாம்பூதான் போடுகிறேன். அரப்பை அலசி முடிக்க எனக்குப் பொறுமை இல்லை, அதை மறைப்பானேன். ஆனால் கடைசி இரண்டு சொம்பு மட்டும் மேட்டூர்த் தண்ணீர் என்பதில் விட்டுக்கொடுப்பதில்லை. அதற்கென்றே மூடி போட்ட ஒரு குடம் குளியலறையில் இருக்கிறது.

மூன்றாவது மேகம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டர்கூட இல்லை. கீழே வறண்ட காற்று, மேலே மேகம் ஜன்னல் வழியே வகுப்புக்குள் வந்து உட்காரும். முடியின் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கிற பிணைப்புகளில் ஹைட்ரஜன் பிணைப்பு என்று ஒன்று உண்டு. ஈரம் பட்டால் அது விட்டுவிடும். காய்ந்ததும் அப்போது முடி எந்த வடிவில் இருக்கிறதோ அதிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். மேகத்தில் முடி எழுந்து நிற்பது இதனால்தான். இதே விதியை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அம்மா பின்னிய ஒற்றைச் சடை

எண்ணெய் வைத்து, வகிடெடுத்து, ஒற்றைச் சடை. இதை ஒதுக்கவே முடியாது. காற்றுக்குக் கலையாது, ஹெல்மெட்டுக்குள் உறுத்தாது, பூ வைக்க இடம் இருக்கும், செலவு ஒரு ரப்பர் பேண்ட். எண்ணெயும் வீண் போவதில்லை. தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் இந்தியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. முடியின் புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான் என்றது. (ஆய்வைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கிற கம்பெனிக்காரர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆனாலும் என் தலை அதை ஒப்புக்கொள்கிறது.)

குறை சடையில் இல்லை, நீளத்தில். இடுப்பளவு முடி காய்வதற்கு ஒரு அரை நாளை எழுதிவைத்துவிட வேண்டும். வீட்டில் அதற்கு ஆள் இருந்த காலத்தில், ஒருவர் துவட்ட இன்னொருவர் சாம்பிராணி போட்ட காலத்தில், அது சரி. என் தலையைத் துவட்டுவதற்கு இப்போது இருக்கும் ஒரே ஆள் என் மகன். அவன் துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறான்.

இன்னொன்று: சீப்பு. காய்ந்த சுருட்டை முடியில் நெருக்கமான பல் உள்ள சீப்பைப் போடுவது முள்வேலியில் சேலையை இழுப்பது மாதிரி. பெரிய பல் சீப்பு, நுனியிலிருந்து மேல்நோக்கி, கையில் கொஞ்சம் எண்ணெயோடு. நான் எந்தச் சடை போட்டாலும் இதில் மாற்றமில்லை.

க்ளட்ச், உச்சிக் கொண்டை

மகன் கைக்குழந்தையாக இருந்த வருடம் முழுக்க என் தலையில் ஒரு பிளாஸ்டிக் க்ளட்ச்தான். அள்ளி, முறுக்கி, ஒரு கவ்வு. 20 விநாடி. வீட்டுக்குள் இதை மிஞ்ச எதுவுமில்லை. வாசலைத் தாண்டினால் கதை வேறு. பஸ்ஸில் தலையைச் சாய்க்க முடியாது, ஹெல்மெட் போட முடியாது. அடர்ந்த முடியாக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு க்ளட்சின் பல் உடையும். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தபோது ஒருநாள் அது பட்டென்று வெடித்துப் பறந்து முதல் பெஞ்சில் விழுந்தது. அந்த வகுப்புப் பிள்ளைகள் வருடம் முழுக்க மறக்கவில்லை.

உச்சியில் இறுக்கித் தூக்கிக் கட்டுகிற கொண்டை பார்க்க எடுப்பாக இருக்கும், கழுத்துக்குக் காற்றும் வரும். ஆனால் தினமும் ஒரே இடத்தில் இழுத்துக் கட்டினால் நெற்றியோரத்து முடி வேரோடு தளரும். நெற்றி ஏறுகிறதே என்று கவலைப்படுகிற எத்தனையோ பேர், அதை ஏற்றுவது தங்கள் ரப்பர் பேண்ட்தான் என்று கவனிப்பதில்லை. சாயங்காலம் அவிழ்க்கும்போது மண்டை வலித்தாலோ, முடிக்காலில் சின்னச் சின்னக் கொப்புளம் தெரிந்தாலோ இறுக்கம் அதிகம். தொடர்ந்து வருடக்கணக்கில் இழுத்தால் அந்த இடத்தில் முடி திரும்ப வராமலே போகலாம். கல்யாணத்துக்கு, விழாவுக்குச் சரி. தினசரிக்கு நான் இதற்கு ஓட்டுப் போட மாட்டேன்.

வெட்டிவிடலாமா

எல்லா அம்மாக்களுக்கும் ஒருநாள் இந்த எண்ணம் வரும். பெரும்பாலும் அது வருவது தப்பான நாளில். எனக்கு மகன் பிறந்து நான்காம் மாதம் வந்தது. குளியலறைச் சல்லடை முழுக்க முடி, தலையணை முழுக்க முடி, குழந்தையின் ஜட்டிக்குள் முடி. கர்ப்ப காலத்தில் உதிராமல் தங்கிவிட்ட முடியெல்லாம் பிரசவத்துக்குப் பிறகு மொத்தமாக ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துச் சேர்ந்தாற்போல் உதிரும். பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும். அதற்கு மேலும் நீண்டால் ரத்தத்தில் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் போவதுதான் வழி. இதையெல்லாம் அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. வழுக்கை விழுகிறது என்று நினைத்து, மிச்சமாவது நிற்கட்டும் என்று வெட்டக் கிளம்பினேன்.

அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஏங்கண்ணு, வெட்டிப்புட்டா வெள்ளிக்கெழம பூவ எங்க வெப்ப?" பழைய காலத்துக் கேள்வி என்று நினைத்தேன்.

டவுனில் ஒரு பார்லர். தோளுக்கு இரண்டு விரற்கடை கீழே வேண்டும் என்றேன். முடியை நனைத்து, நேராக இழுத்து, அளந்து வெட்டினார்கள். ஈரத்தில் சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து காய்ந்ததும் காதுமடலுக்கு ஏறிவிட்டது. சுருட்டை முடி ஈரத்தில் நீளும், காய்ந்தால் சுருங்கும். ஸ்பிரிங்கை இழுத்துப் பிடித்து அளந்தால் எப்படி இருக்கும்? உள்பக்கம் லேயர் வேறு வெட்டியிருந்தார்கள், கேட்காமலே. முதல் நாள் மேகத்தில் நான் பள்ளிக்குள் நுழைந்தபோது ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் காளான் படம் வரைந்து கையில் கொடுத்தான்.

கோபம் ஆறிய பிறகு கணக்குப் போட்டேன். காய்வது 40 நிமிடம். இதில் முதல் மதிப்பெண். ஒரு முறை தலைக்குக் குளிக்க மொத்தம் 15 நிமிடம்தான். ஆனால் தூங்கி எழுந்தால் ஒரு பக்கம் அமுங்கி ஒரு பக்கம் எழும்பி நிற்கும். கட்டி அடக்க நீளம் போதாது. அதனால் தினமும் நனைத்து, க்ரீம் தடவி, விரலால் சுருட்டிவிட 10 நிமிடம். வாரத்துக்கு 90 நிமிடம் ஆனது. போதாததற்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ட்ரிம். குட்டை முடி வேலையைக் குறைக்கும் என்பது நேர்முடிக்காரர்கள் சொன்ன கதை. சுருட்டைக்குக் குட்டை என்பது வேலையை வாரக் கடைசியிலிருந்து தினசரிக் காலைக்கு மாற்றுவது, அவ்வளவே. ஆண்பிள்ளைக் கிராப் அளவுக்கு மிகக் குட்டையாகப் போகத் தைரியம் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அதற்கு உண்மையிலேயே வேலை இல்லை. பள்ளிக்கு ஜீப்பில் வருகிற ஒரு எஸ்டேட் அம்மா அப்படித்தான் வைத்திருக்கிறார், அருமையாக இருக்கிறது. எனக்குத் தைரியம் வரவில்லை.

பூ விஷயத்திலும் அத்தை சொன்னதே நடந்தது. வ.உ.சி. மார்க்கெட்டில் வாங்கிய குண்டுமல்லியை இரண்டு ஸ்லைடு போட்டுச் செருகினால் தெருமுனை வருவதற்குள் தோளில் கிடக்கும். கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு ஆடி மாதம் பூ இல்லாமல் போனது அந்த வருடம் மட்டும்தான்.

வெட்டியே ஆக வேண்டும் என்றால் இரண்டு பேச்சு பேசிவிட்டு நாற்காலியில் உட்காருங்கள்: காய்ந்த முடியில் வெட்டச் சொல்லுங்கள், நினைத்த அளவைவிட நாலு விரற்கடை நீளமாக நிறுத்தச் சொல்லுங்கள். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். தப்பு திருந்த எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கு டீச்சர் சொல்ல வேண்டியதில்லை.

மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்று ஒரு யோசனையும் வந்தது. வளராது. வேர் தோலுக்கு உள்ளே இருக்கிறது, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மழிப்பது அதற்குத் தெரியவே தெரியாது. வேண்டுதல் இருந்தால் போடுங்கள், அது வேறு.

நேராக்குவது

எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர் ரீபாண்டிங் செய்துகொண்டார். முதல் இரண்டு மாதம் நாங்கள் எல்லோரும் பொறாமையில் வெந்தோம். மேகத்திலும் மழையிலும் கம்பி மாதிரி நின்றது. ஆனால் வேரிலிருந்து வருகிற புதுமுடி அவர் செய்த செலவை அறியாது. அது பழையபடி சுருட்டையாகத்தான் வந்தது. ஆறேழு மாதத்தில் மேலே ஸ்பிரிங், கீழே கம்பி. இரண்டும் சேர்கிற இடத்தில் முடி அறுந்தது. ரசாயனம் முடியின் கந்தகப் பிணைப்புகளையே உடைத்து மாற்றிக் கட்டுகிறது, அதனால் முடி பலவீனமாவது இயல்பு.

நானும் விசாரித்தேன். ஐந்தாயிரத்தில் தொடங்கி முடியின் நீளத்துக்கு ஏற்ப ஏறியது. நாலைந்து மணி நேரம் நாற்காலியில். பிறகு மூன்று நாள் நனைக்கக் கூடாது, கட்டக் கூடாது, காதுக்குப் பின்னால்கூடத் தள்ளக் கூடாது. இரண்டு பிள்ளை வீட்டில் மூன்று நாள் அப்படி இருப்பது யாரால் ஆகும்?

ஆனால் நான் வாசலோடு திரும்பியது அதனால் இல்லை. கெரட்டின், ஸ்மூத்தனிங் என்ற பெயரில் போடுகிற சில கலவைகளில் சூடுபட்டால் ஃபார்மால்டிஹைடு வெளிவரும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-இல் வகைப்படுத்தியது. அது இல்லாத மாற்று என்று வந்தவற்றில் சிலவற்றில் இருப்பது கிளையாக்சிலிக் அமிலம். ஒரே பெண்ணுக்கு ஒவ்வொரு முறை முடியை நேராக்கியபோதும், மூன்று தடவை, சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைப் பிரான்ஸ் மருத்துவர்கள் 2024-இல் எழுதினார்கள். டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "நல்ல பிராண்டுதாங்க மேடம்" என்ற பதில்தான் கிடைத்தது. கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள் பக்கமே போக வேண்டாம் என்பேன். மற்றவர்கள், டப்பாவைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியே விடுவது

சுருட்டையைச் சுருட்டையாகவே விடுவதுதான் இப்போது பேச்சு. ஈரத்திலேயே கண்டிஷனர் போட்டு விரலால் சிக்கெடுத்து, ஆளி விதை வேகவைத்து வடித்த கூழைத் தடவி, கசக்கிவிட்டு, தொடாமல் காயவிட வேண்டும். செம்பருத்தி இலையைக் கசக்கினால் வருகிற கொழகொழப்பும் இதே வேலையைச் செய்யும், காசும் இல்லை. டர்க்கி டவலால் தேய்க்காமல் ஈரிழைத் துண்டிலோ பழைய வேட்டியிலோ ஒற்றி எடுத்தால் பரட்டை பாதியாகக் குறையும்; இந்த ஒரு பழக்கத்துக்காகவே அந்தப் பேச்சுக்கு நன்றி சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை என் முடி என் கண்ணுக்கே அழகாகத் தெரிவது இந்த முறையில்தான். திங்கட்கிழமை அது செல்லாது. ஹெல்மெட் ஒரு மணி நேர வேலையை ஐந்து நிமிடத்தில் அமுக்கிவிடும். பஸ் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். "ஏம்மா, தல வாரலியா?" என்று கேட்கிற உறவுக்காரர்களுக்குப் பதில் சொல்லும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விரித்த முடிக்கு இன்னும் இரண்டு எதிர்ப்பு உண்டு. ஒன்று பேன். எட்டு வயதுப் பிள்ளை பள்ளியிலிருந்து கொண்டுவராத பொருளே இல்லை. பேன் தலையோடு தலை உரசித்தான் ஏறும், அம்மாவின் விரித்த முடி அதற்கு நேர்வழி. சுருட்டை முடியில் பேன் சீப்பு ஓடாது. கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, ஈரத்திலேயே பகுதி பகுதியாக வாரினால்தான் வரும். அன்றைக்கு வேறு வேலை கிடையாது. இரண்டாவது, கைக்குழந்தை. உதிர்ந்த நீள முடி குழந்தையின் கால்விரலிலோ கைவிரலிலோ சுற்றி இறுகிக்கொள்ளும்; ரத்த ஓட்டம் நின்று விரலுக்கே ஆபத்தாகலாம். காரணமில்லாமல் வீறிட்டு அழுகிற குழந்தையின் சாக்ஸைக் கழற்றி விரல்களைப் பாருங்கள். முடி உதிர்கிற அந்த மாதங்களில் தூங்கும்போதும் கட்டியே வைத்திருப்பது நல்லது.

இரவுச் சடை, காலைக் கொண்டை

இப்போது நான் செய்வது இது. காளான் வெட்டு வளர்ந்து வந்தபோது, அதை நடுமுதுகில் நிறுத்தினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அத்தையே கத்தரிக்கோலால் காய்ந்த முடியில் நுனி வெட்டிவிடுகிறார். நடுமுதுகு என்பதில் காரணம் இருக்கிறது: சடை பின்ன நீளம் போதும், சுருட்டினால் பிடரியில் அடங்கும், பூ நிற்கும். காய்வது வெயிலில் முக்கால் மணி நேரம், மழைக்காலத்தில் இரண்டு மணி நேரம். கொண்டையில் வலிக்காமல் அமரும் அளவு.

தலைக்குக் குளிப்பதைக் காலையிலிருந்து சாயங்காலத்துக்கு மாற்றினேன். புதன் சாயங்காலம், சனி சாயங்காலம். பள்ளி விட்டு வந்ததும் முதல் வேலை. பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும்போது ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் படுப்பதற்குள் காய்ந்துவிடும். "வெளக்கு வெச்ச நேரத்துல தலைக்குத் தண்ணியா?" என்று அத்தை முதலில் முகம் சுளித்தார். காய்ந்து முடிந்துவிடுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு விட்டுவிட்டார்.

படுக்கப் போகுமுன் நாலு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நுனியில் மட்டும் தடவி, தளர்வாக ஒற்றைச் சடை. 4 நிமிடம். லேசாக ஈரம் இருந்தால் பரவாயில்லை, சொதசொதவென்று இருந்தால் கூடாது. முன்னே சொன்ன ஹைட்ரஜன் பிணைப்பு இரவில் நமக்காக வேலை செய்யும்: சடையின் வடிவத்திலேயே முடி காய்ந்து படிந்துவிடும். மாமனாரின் நைந்துபோன வெண்பட்டு வேட்டியைக் கிழித்துத் தலையணைக்கு உறை தைத்திருக்கிறேன். பட்டில் முடி வழுக்கும், பருத்தியில் உரசும். காலையில் சடையை அவிழ்ப்பதே இல்லை. முன்பக்கம் மட்டும் ஈரக் கையால் நீவிவிட்டு, பிடரியில் சடையைச் சுருட்டி மூன்று கொண்டை ஊசி. 2 நிமிடம்.

ஊசி குத்துவதில் ஒரு சூட்சுமம் உண்டு. நேராகக் குத்தினால் நிற்காது. ஊசியின் வாயை வெளிப்பக்கமாகப் பிடித்து, கொண்டையின் ஓரத்தில் கொஞ்சம் முடியைக் கவ்வி, அப்படியே திருப்பி மண்டையை ஒட்டி உள்ளே செருக வேண்டும். ஒன்று மேலே, இரண்டு பக்கவாட்டில். நல்ல ஊசி என்றால் இரண்டு காலும் லேசாக நெளிந்திருக்கும். வழவழவென்று நேராக இருப்பதை வாங்காதீர்கள்.

ஸ்கூட்டர் நாளில் சடையை அப்படியே தொங்கவிட்டு, நுனியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு ஹெல்மெட் போடுவேன். கொண்டை போடுவது மலைமேல் போய்ச் சேர்ந்த பிறகுதான். மேகம் இறங்கினால் நெற்றியோரம் நாலு குட்டி முடி எழும்பும். அவற்றை அப்படியே விட்டுவிடுகிறேன்.

வாரக் கணக்கு: இரவும் காலையும் சேர்த்து 6 நிமிடம், ஆறு நாளைக்கு 36. இரண்டு தலைக்குளியலுக்கு 50. மொத்தம் 86. குட்டை முடிக்கும் இதற்கும் நாலு நிமிடம்தான் வித்தியாசம், ஆனால் இதில் காலை நேரம் வெறும் 12 நிமிடம், வாரம் முழுக்க.

இது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஏற்காட்டிலேயே குடியிருந்து, மார்கழியில் எதுவும் காயாத வீடாக இருந்தால் நான்கூட இன்னும் நாலு விரற்கடை குறைத்திருப்பேன், தோளுக்குக் கீழே நிறுத்தியிருப்பேன். சேலத்துக்குள்ளேயே, வெயில் விழும் மாடியும் துவட்ட ஒரு ஆளும் இருந்தால் இடுப்பளவு முடியை ஏன் வெட்ட வேண்டும்? வீட்டிலிருந்தே வேலை என்றால் சுருட்டையை விரித்து விடுங்கள், க்ளட்ச் பக்கத்தில் இருக்கட்டும். குழந்தைக்கு ஒரு வயது ஆகாதவர்கள் மட்டும் இப்போதைக்கு எதையும் முடிவு செய்ய வேண்டாம். தலையில் இப்போது இருப்பது உங்கள் முடியின் உண்மையான கணக்கு இல்லை.

என் முறையில் ஒரே ஒரு தொல்லை. ஊசிகள் தங்குவதில்லை. மகன் அவற்றைத் தரையில் வரிசையாக அடுக்கி, நடுவில் பொம்மை பஸ்ஸை ஓட்டி, ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடிக்கிறான். இருபது வேண்டுமாம். சின்னக்கடை வீதியில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி, ஒன்றை ஸ்கூட்டர் டிக்கியிலும் ஒன்றை ஸ்டாஃப் ரூம் டிராயரிலும் போட்டு வைத்திருக்கிறேன்.